அட்மின் பாஸ்வேர்டு ஏன் மானிட்டரில் ஒட்டியிருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மதுரைப் பதிப்பில் அடிக்கடி ஒரு படம் வரும். புது மேசைகள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கீபோர்டுகள், வரிசையாக ஒளிரும் திரைகள், முன்னால் ரிப்பன் வெட்டும் பிரமுகர். பள்ளியாக இருக்கும், நூலகமாக இருக்கும், கூட்டுறவுச் சங்கமாக இருக்கும். கீழே 'புதிய கணினிகள் பயன்பாட்டுக்கு வந்தன' என்று ஒரு வரி. படம் எடுத்தவர்கள் கிளம்பிய பிறகு அந்தக் கணினிகளோடு மல்லுக்கட்டுகிற வேலை என்னுடையது. சிம்மக்கல்லில் சிறிய சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருமங்கலம், செக்கானூரணி, உசிலம்பட்டி வரைக்கும் சில பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் வருஷப் பராமரிப்பு பார்க்கிறேன்.

நான் போகிற இடங்களில் பெரும்பாலும் மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் அட்மின் பாஸ்வேர்டு, அதாவது கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள கணக்கின் சாவி. ஆய்வுக்கு வருகிற அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, 'பாதுகாப்பு விழிப்புணர்வே இல்லையே' என்று கணினி முன்னால் இருக்கும் ஊழியர் அம்மாவைக் கடிந்துகொள்வார். அந்த அம்மாவும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். இந்தக் கடிதத்தை எழுதுவது அந்த அம்மாவுக்காகத்தான். அந்தச் சீட்டு அங்கே வந்ததற்கு அவர் காரணம் இல்லை. மென்பொருளைத் தயாரித்தவர்களும், அதைக் கொண்டுவந்து போட்டவர்களும், போட்டதைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

எப்படி என்று சொல்கிறேன். விண்டோஸில் ஒரு மென்பொருளை ஏற்றும்போது இரண்டு இடங்களில் வேலை இருக்கிறது. ஒன்று கணினிக்குப் பொதுவான இடம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் 'லோக்கல் மெஷின்' என்கிற கிளையும் அதில் சேரும். இன்னொன்று ஒவ்வொரு ஆளுக்கும் தனியான இடம். அவரவர் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் 'ஆப்டேட்டா' என்று ஒன்று, ரெஜிஸ்ட்ரியில் 'கரன்ட் யூசர்' என்று ஒரு கிளை. இந்தக் கிளை என்பது அவரவர் ஃபோல்டரில் மறைவாகக் கிடக்கும் 'என்டியூசர்.டாட்' என்கிற ஃபைல்தான். அவர் லாகின் செய்யும்போது விண்டோஸ் அதை எடுத்து மாட்டும், வெளியே போனால் கழற்றி வைத்துவிடும். எனவே இன்ஸ்டால் செய்கிற நேரத்தில் 'கரன்ட் யூசர்' என்று எழுதினால், அது அப்போது உட்கார்ந்து இன்ஸ்டால் செய்கிறவருடைய கணக்கில்தான் விழும். அடுத்த வாரம் வேலைக்குச் சேரப்போகிறவருக்கு அந்த ஃபைலே இன்னும் பிறக்கவில்லை.

காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாநகராட்சிக் குழாய் வாசல் வரைக்கும் வந்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆறு வீட்டுக்கும் தண்ணீர் வந்துவிடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் கிளைக்குழாய் இழுக்க வேண்டும், பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் சேர்த்து.

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளி. அலுவலக அறையில் ஒரே கணினி, பயன்படுத்துபவர்கள் மூன்று பேர். இளநிலை உதவியாளர் அக்கா தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவர். பழைய டைப்ரைட்டரின் எழுத்து வரிசைதான் அவர் விரலில் இருக்கிறது. தமிழ் ஐயா, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைப்பலகையைப் பிடிவாதமாகப் பழகியவர். கணினி ஆசிரியையோ செல்போனில் அடிப்பதைப்போல ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிப்பவர். மூன்றும் நல்ல வழிதான். ஆளுக்கொரு கணக்கு வைத்து, அவரவர் விசைப்பலகையை அவரவர் கணக்கில் வைத்துக்கொள்ளத்தான் விண்டோஸ் அந்த அமைப்பைப் பயனர் கிளைக்குள் வைத்திருக்கிறது.

கணினி கொடுத்த நிறுவனத்தின் பையன் சனிக்கிழமை வந்தான். அட்மின் கணக்கில் உட்கார்ந்து தமிழ் மென்பொருளைப் போட்டான், 'வணக்கம்' என்று அடித்துக் காட்டினான், டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். திங்கட்கிழமை தமிழ் ஐயா தன் கணக்கில் நுழைந்தால் ஆங்கிலம் மட்டும் வருகிறது. எனக்குப் போன். "தம்பி, சனிக்கிழமை எங்க கண்ணு முன்னாடிதான் தமிழ் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை லீவுல எங்க போச்சு அது?"

அடுத்து நடந்ததுதான் இந்த விஷயத்தில் யாருக்கும் எளிதில் பிடிபடாத இடம். அந்தப் பையன் திரும்ப வந்தான். ஐயாவின் கணக்கிலேயே இருந்துகொண்டு, மென்பொருளை ரைட் கிளிக் செய்து, 'அட்மினாக இயக்கு' என்று கொடுத்து, பாஸ்வேர்டை அடித்தான். பார்ப்பவருக்கு அது ஐயாவுக்காகவே ஓடியதுபோல இருக்கும். விண்டோஸோ, பாஸ்வேர்டு யாருடையதோ அவருடைய பெயரில்தான் அந்த இன்ஸ்டாலரை ஓட்டும். 'கரன்ட் யூசர்' என்று அது எழுதியதெல்லாம் மறுபடியும் அட்மினின் கிளையிலேயே போய் விழுந்தது. ஐயாவின் திரை ஐயாவின் திரையாகவே இருந்தது, அமைப்பு மட்டும் அடுத்த வீட்டுக்குப் போனது. பையனுக்கும் காரணம் விளங்கவில்லை. அவனுக்கு இன்னும் நாலு பள்ளி பாக்கி. "சார், பேசாம அட்மின்லயே போங்க, எல்லாம் வரும்" என்று சொல்லி, பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். அக்கா அதை மானிட்டரில் ஒட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று பேரும் ஒரே கணக்கு. அக்கா காலையில் டைப்ரைட்டர் வரிசைக்கு மாற்றுவார், ஐயா வந்து தமிழ் 99-க்கு மாற்றுவார், டீச்சர் வந்து 'யார் இதை மாத்தினது?' என்பார். நான் போய் ஆளுக்கொரு கணக்கைத் திரும்பக் கொண்டுவந்து, அவரவர் கணக்கில் அவரவர் விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தேன். புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்களுக்காக கண்ட்ரோல் பேனலின் 'ரீஜியன்' பகுதியில், நிர்வாகத் தாவலில், 'அமைப்புகளை நகலெடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வரவேற்புத் திரைக்கும் புதிய கணக்குகளுக்கும் தனித்தனியாக டிக் செய்யலாம். ஏற்கெனவே இருக்கிற கணக்குகளை அது தொடாது. பத்து வருஷமாகக் கணினி துறையில் இருப்பவர்கள்கூட அந்தப் பொத்தானைப் பார்த்ததில்லை என்கிறார்கள்.

தமிழ் வராமல் போனால் உடனே தெரிந்துவிடும். தெரியாமலே கெடுகிற வகை ஒன்று இருக்கிறது. செல்லம்பட்டிப் பக்கம் ஒரு பால் சங்கம். காலைக் கறவைக்கு ஒருவர், மாலைக் கறவைக்கு ஒருவர் பால் பிடித்து, லிட்டரையும் கொழுப்பையும் கணினியில் பதிகிறார்கள். சங்கச் செயலர் பொறுப்பானவர், இருவருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் மாலையில் வருகிறவர் திறந்தால் காலைப் பதிவு ஒன்றுகூட இல்லை. காலையில் வருகிறவருக்கு மாலைப் பதிவு இல்லை. ஒருவர் அழிக்கிறார் என்று இன்னொருவருக்குச் சந்தேகம். பட்டுவாடா நாளில் மாடு வைத்திருக்கிறவர்கள் வந்து, 'எங்க சாயங்காலப் பாலு எங்கப்பா?' என்று கேட்க, பேச்சு தடித்துவிட்டது.

யாரும் எதையும் அழிக்கவில்லை. அந்த மென்பொருள் பழைய 32 பிட் வகை. பதிவுகளைத் தன்னுடைய ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதிவைக்கிற பழக்கம் அதற்கு. சாதாரணக் கணக்கில் இருப்பவர் அங்கே எழுத முடியாது. பழைய மென்பொருள்கள் அதனால் நின்றுபோகக் கூடாது என்று விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. எழுதவிட்ட மாதிரி காட்டிவிட்டு, அந்த ஃபைலை அந்த ஆளின் ஆப்டேட்டாவுக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்கிற இடத்துக்குத் திருப்பிவிடும். அந்த ஆள் மறுபடி திறந்தால் அவருடைய நகல் தெரியும். அடுத்தவர் திறந்தால் அவருக்கு அவருடைய நகல். இரண்டு பேரும் இரண்டு தனி நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒரே நோட்டு என்று நினைத்துக்கொண்டு. இரண்டையும் தேடி எடுத்துச் சேர்த்த பிறகு ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை. அதற்குள் இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்தியிருந்தன.

அந்த மென்பொருளை எழுதியவர் சங்கத்துக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? 'ரெண்டு பேரும் அட்மின்ல போங்க, சரியாயிடும்.' சரியாகத்தான் ஆகும், ஒரே கணக்கு என்றால் ஒரே நகல்தானே. பதிவுகளை எல்லாருக்கும் பொதுவான 'புரோகிராம் டேட்டா' ஃபோல்டரில் ஓர் இடம் ஒதுக்கி வைத்து, அங்கே எழுதுகிற உரிமையை இன்ஸ்டால் செய்யும்போதே கொடுத்திருந்தால் போதும். அந்த வேலையைச் செய்யாமல், சங்கத்தின் கணினியைத் திறந்த வீடாக்கச் சொன்னார்.

எழுத்துருவிலும் இதே கதை உண்டு. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துருவை ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் அந்தக் கணக்குக்கு மட்டும்தான் ஏறும். 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. அச்சகங்களில் ஷிப்ட் மாறியதும் திருமணப் பத்திரிகை எழுத்தெல்லாம் கோணல்மாணலாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். பிரிண்டரும் அப்படித்தான். நெட்வொர்க்கில் பகிர்ந்த பிரிண்டரைச் சேர்த்தால் சேர்த்த ஆளுக்கு மட்டும் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரே மருந்துதான் வழங்குகிறது: அட்மின். அதன் பலனையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் ஒரே கணக்கில் இருக்கும் ஆபீஸில் ஒரு ஃபைல் காணாமல் போனால், யார் எடுத்தது என்று கணினியிடம் கேட்டுப் பயனில்லை, எல்லாப் பதிவிலும் ஒரே பெயர்தான் இருக்கும். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஒட்டிக்கொண்டு வருகிற வைரஸின் சேதம், சாதாரணக் கணக்கில் இருந்தால் அந்த ஒருவரின் ஃபோல்டரோடு பெரும்பாலும் போகும். அட்மினில் இருந்தால் மொத்தக் கணினியும் அதற்குத்தான். சம்பளப் பட்டியல் இருக்கிற கணினியில் மாணவர்களை உட்கார வைத்து இணையத்தில் தேர்வு முடிவு பார்க்க விடுகிற பள்ளிகளும் உண்டு, அதுவும் அதே கணக்கில்.

இதற்கு வழியே இல்லாமல் இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். வழி மிகப் பழையது. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வந்தபோதே விண்டோஸில் 'ஆக்டிவ் செட்டப்' என்று ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. மென்பொருள் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும், ஒவ்வொரு ஆளுக்கும் செய்யவேண்டிய வேலைக்கான கட்டளையையும் பொதுக் கிளையில் எழுதிவைத்துவிடும். யாராவது லாகின் செய்யும்போது, டெஸ்க்டாப் தெரிவதற்கு முன்பு, விண்டோஸ் அவருடைய கிளையில் இதே பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றாலோ, இருப்பது பழைய பதிப்பு என்றாலோ அந்தக் கட்டளையை ஓட்டிவிட்டு, 'இவருக்கு ஆயிற்று' என்று அவர் கிளையில் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை ஓட்டாது. முதல் லாகினில் திரையின் இடது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி மறைவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது இதுதான். இன்றைக்கு இருப்பவர், நாளைக்கு வருபவர், ஆறு மாதம் விடுப்பில் போய்த் திரும்புபவர் எல்லாருக்கும் அவரவர் வரும் நேரத்தில் அவரவர் பெயரிலேயே வேலை முடிந்துவிடும். யாருக்கும் அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை.

இதிலும் முள் உண்டு. பதிப்பு எண்ணில் புள்ளி வைத்தால் ஓடாது, காற்புள்ளி வைக்க வேண்டும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் எழுதுகிற கிளை வேறு. அந்தக் கட்டளை முடியும் வரை டெஸ்க்டாப் வராது, எனவே நிமிஷக்கணக்கில் ஓடுகிற எதையும் அதில் வைக்கக் கூடாது. ஏற்கெனவே லாகினில் இருப்பவருக்கு வெளியே போய் வந்தால்தான் நடக்கும். அந்த ஆளின் உரிமையோடுதான் ஓடும் என்பதால் பொது இடத்தில் எதையும் எழுத முடியாது. புதிய பதிப்பு வரும்போது எண்ணை உயர்த்தினால் எல்லாருக்கும் மறுபடி ஓடும், அப்போது அந்த ஆள் தானே மாற்றி வைத்ததை அழித்துவிடக் கூடாது. கண் சரியாகத் தெரியாத தலைமையாசிரியர் ஒருவர் எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது பழையபடி சிறுத்துவிடும், அவரும் ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் செய்வார். 'ஏற்கெனவே மதிப்பு இருந்தால் தொடாதே' என்று ஒரு வரி எழுத அந்த நிறுவனத்துக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வழி விண்டோஸ் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது. ஆபீஸ் 2000-த்தோடு வந்த எம்.எஸ்.ஐ. முறை அது. ஐகானைச் சொடுக்கியதும், இந்த ஆளுக்கு உரியது எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் தானே நிரப்பிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிரப்ப வேண்டியது ஒரு ஃபைலாக இருந்தால், முதலில் எந்த சிடியிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ போட்டார்களோ அதைக் கேட்கும். பென்டிரைவ் அந்தப் பையனின் சட்டைப் பையில், அவன் இப்போது மேலூரில். அதனால் நம் ஊர்ச் சூழலுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

'டிஃபால்ட்' பயனர் ஃபோல்டரில் எல்லாவற்றையும் வைத்துவிட்டால் போதும் என்பார்கள் சிலர். புதிய கணக்கு பிறக்கும்போது அந்த ஃபோல்டரைத்தான் விண்டோஸ் நகலெடுக்கிறது, உண்மை. ஏற்கெனவே பிறந்த கணக்குகளுக்கு ஒன்றும் கிடைக்காது. பொதுக் கிளையில் 'ரன்ஒன்ஸ்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் மோசம். முதலில் உள்ளே வருகிற அட்மினுக்கு ஒருமுறை ஓடி, அத்தோடு அந்தக் கட்டளை அழிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நல்லது, தனியாக அமைக்கவே தேவையில்லாதபடி மென்பொருளை எழுதுவது. திறக்கும்போது இந்த ஆளுக்கென்று அமைப்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் பொது அமைப்பை எடுத்துக்கொள், அவர் எதையாவது மாற்றினால் மட்டும் அவர் இடத்தில் எழுது. இவ்வளவுதான். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான டெபியனை உருவாக்குகிறவர்கள் இதைத் தங்கள் கொள்கை ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பயனரின் ஃபோல்டரில் முன்கூட்டியே ஃபைல் இருந்தால்தான் ஒழுங்காக ஓடும் என்கிற மென்பொருள், அந்த ஃபைலைத் தானே உருவாக்கிக்கொள்ளாவிட்டால், அது கெட்ட மென்பொருள் என்பது அவர்கள் கட்சி. அங்கேயும் 'ஸ்கெல்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் வைப்பது புதிய கணக்குகளுக்கு மட்டும்தான் போகும், விண்டோஸின் டிஃபால்ட் போலவே. தமிழ்நாட்டில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ்கூட டெபியன் வழி வந்ததுதான், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்தது. நம் பிள்ளைகள் கையில் இருந்த பெட்டிக்குள்ளேயே இந்த ஒழுங்கு இருந்தது. யாரும் திறந்து காட்டவில்லை என்பது வேறு விஷயம்.

இன்ஸ்டால் செய்ய வருகிற பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கணினி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. பஸ் காசு கழித்தால் மிஞ்சுவது டீக்கும் பரோட்டாவுக்கும் சரியாகிவிடும். ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, யாரும் அதற்குக் காசும் கொடுப்பதில்லை. மென்பொருள் எழுதுகிறவரும் தன் மேசையில் தன் கணினியில் எழுதுகிறார். அங்கே இன்ஸ்டால் செய்கிறவரும் அவரே, பயன்படுத்துகிறவரும் அவரே, அட்மினும் அவரே. அவருக்கு எல்லாம் ஓடும். இரண்டாவது ஆள் ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதை அவருக்கு நினைவுபடுத்த வேண்டியது பணம் கொடுக்கிறவரின் வேலை. அந்தப் பணம் கொடுக்கிறவர் டெலிவரி சலானில் எண்ணிக்கையைப் பார்க்கிறார், மவுஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார், திரை எரிகிறதா என்று பார்க்கிறார், கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பில் பாஸாகிவிட்டால் அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் போன் எடுக்கப்படுவதில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டியது ஒரு சின்னச் சோதனை. கணினித் தெரிந்தவர் யாரும் வேண்டாம். கொண்டுவந்த பையனையே ஒரு புதிய சாதாரணக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள். அட்மினிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். பிறகு நீங்களே உட்கார்ந்து அந்தப் புதிய கணக்கில் நுழையுங்கள். மென்பொருளைத் திறங்கள், தமிழில் உங்கள் ஊர்ப் பெயரை அடியுங்கள், சேமியுங்கள், பிரிண்ட் எடுங்கள். வெளியே வந்து மறுபடி நுழைந்து, சேமித்தது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏற்கெனவே இருக்கிற இன்னொரு கணக்கில் நுழைந்து இதையே செய்யுங்கள், முதல் கணக்கில் பதிந்தது அங்கே தெரிகிறதா என்றும் பாருங்கள். இடையில் எங்கேயாவது அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் கையெழுத்து இல்லை. ரிப்பனையும் கத்தரிக்கோலையும் தேடுகிற நேரத்தில் முடிந்துவிடும் இது.

மென்பொருளை நீக்கும்போதும் ஒரு பார்வை வேண்டும். நீக்குகிற நேரத்தில் லாகினில் இல்லாதவர்களின் கிளையை அன்இன்ஸ்டாலர் பெரும்பாலும் தொடாது. பழைய அமைப்பு அங்கேயே கிடந்து, அடுத்த வருஷம் வேறு பதிப்பைப் போடும்போது குறுக்கே வரும். வருஷப் பராமரிப்புக்காரர்கள் இதைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், நான் சேர்த்திருக்கிறேன்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கணினித் திறப்பு விழாவுக்குப் போகும்போது, பிரமுகர் கிளம்பிய பிறகு அங்கே இருக்கும் ஊழியர் ஒருவரிடம், 'உங்க லாகின்ல திறந்து காட்டுங்களேன்' என்று கேளுங்கள். என்ன வருகிறதோ அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

மாவட்டக் கல்வி அலுவலகங்களும் கூட்டுறவுத் துறையும் உள்ளாட்சிகளும் தங்கள் கொள்முதல் ஆணையில் இந்த வாசகத்தைச் சேர்க்கலாம். சட்டம் தெரிந்தவர்கள் மொழியைத் திருத்திக்கொள்ளட்டும், நான் எனக்குத் தெரிந்த மட்டில் எழுதியிருக்கிறேன்: 'மென்பொருளை ஏற்றியபின், அட்மின் உரிமை இல்லாத இரண்டு கணக்குகளில், அதாவது ஏற்கெனவே உள்ள ஒன்றிலும் ஒப்படைக்கும் நாளில் புதிதாகத் தொடங்கிய ஒன்றிலும், அட்மின் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்து, தமிழில் தட்டச்சு செய்து, சேமித்து, அச்சிட்டுக் காட்ட வேண்டும். பொதுப் பதிவுகளாக இருந்தால் ஒரு கணக்கில் பதிந்தது மற்றதில் தெரிய வேண்டும். இதன் பிறகே ஒப்படைப்புச் சான்றில் கையொப்பமிடப்படும், தொகையும் அதன் பிறகே விடுவிக்கப்படும்.'

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கணினிப் பராமரிப்பாளர்,
சிம்மக்கல், மதுரை.